இம்போர்ட் பச்சை, எக்ஸ்போர்ட் நீலம்

நெட் ஓடுகிறவரை சிஸ்டம்ஸ்காரன் பெயர் ஆபீஸில் ஒருவருக்கும் ஞாபகம் வராது. நின்றுவிட்டால் அவன் பெயர் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். இந்த வேலையில் இருப்பவர்கள், இருந்தவர்கள், இருக்க முடியாமல் ஓடிப்போனவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அந்தச் சக பாவிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் ஆட்சேபம் இல்லை, ஆனால் 'நெட் ஏன் ஸ்லோ?' என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். கப்பலில் வருகிற, போகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்து அனுப்புவது தொழில். முதல் மாடியில் பதினொரு கம்ப்யூட்டர், பதினொன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 64 கே லைன். இன்றைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் அந்த வேகத்தைக் கொடுத்தால் உங்களோடு பேசுவதையே நிறுத்திவிடும். அந்த லைனுக்குக் காவல்காரன் நான்.

மூன்று மணி வியாதி

முதலாளி கனகசபை துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க்காக ஆரம்பித்து, சொந்த ஆபீஸ் போட்டவர். அவருக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது. பிடிக்காத பொருள் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததிலிருந்து எங்கள் லைனுக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் நன்றாக இருக்கும். மத்தியானம் சாப்பாடு முடிந்து ஆட்கள் உட்கார்ந்ததும் படுத்துவிடும். மூன்று மணிக்கு ஒரு மெயில் போக அரை மணி நேரம்.

ஒரு நாள் ஐந்து மணிக்குள் காகிதம் போயாக வேண்டும். போகாவிட்டால் எட்டு கன்டெய்னர் கரையிலேயே நின்றுவிடும். திரையில் பாதியில் நிற்கிற அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று என் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எப்படியோ போய்ச் சேர்ந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன் நெட்டு ஸ்லோன்னு கப்பலுக்குத் தெரியாதுப்பா."

ஓசி மென்பொருள்

லைன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால், 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது, உங்கள் ஆபீஸில்தான் யாரோ அதிகம் உபயோகிக்கிறார்கள்' என்றார்கள். யார், எவ்வளவு, எப்போது? அளந்து பார்த்தால்தானே தெரியும். அளக்கிற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க முதலாளியிடம் கேட்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் குறுந்தகட்டை, மூலையில் கிடந்த ஒரு பழைய மெஷினில் ஏற்றினேன். இரண்டு நாள் கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாகத் தட்டி, எம்.ஆர்.டி.ஜி. என்ற இலவச மென்பொருளை ஓட வைத்தேன். பதினொரு கம்ப்யூட்டர் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி ஒன்றை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் பிடித்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எம்.ஆர்.டி.ஜி. அந்தப் பெட்டியிடம், 'இந்தக் கேபிளில் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே?' என்று கேட்டு, கிராஃப் வரைந்து வைத்துவிடும். உள்ளே போனது பச்சை. வெளியே வந்தது நீலம்.

முதல் கிராஃப் திரையில் வந்தபோது இருந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுகூட இல்லை. முதலாளியைக் கூட்டிவந்து காட்டி, 'பைசா செலவில்லை சார்' என்றேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஓசியில குடுக்கிறவன் நம்மகிட்டேருந்து இன்னாத்த எடுத்துக்கிறான்னு மொதல்ல பாரு."

எண்ணூரில் ஒரு அலறல்

எண்ணூரில், நெட்டுக்குப்பம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு கன்டெய்னர் யார்டு உண்டு. அங்கே தேவராஜ் என்று ஒரு கிளார்க். வியாசர்பாடிக்காரர், என் வயதுதான், முன்பு லீக் ஃபுட்பால் ஆடியவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று அவர் எழுதுகிற கேட் ரிஜிஸ்டர், டயல்-அப் மோடம் வழியாக எங்களுக்கு வரும். நான் அந்த லைனுக்கு, 'இருக்கிறாயா?' என்று விடாமல் கேட்கிற பிங் கட்டளையை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதில் வந்துகொண்டே இருக்கும், திடீரென்று செத்துவிடும். மறுபடி வரும், மறுபடி சாகும். உப்புக் காற்றில் வயர் போய்விட்டது என்று முடிவு கட்டி, டிரெய்லர் வரிசைக்கு நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நசுங்கி எண்ணூர் போய்ச் சேர்ந்தேன்.

வயர் நன்றாக இருந்தது. கீச்சென்று அலறியே பேசுகிற மோடம் இருக்கிற அதே லைனில் இன்னொரு போனும் மாட்டியிருந்தார்கள். தேவராஜ் அதை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் என் லைன் அறுந்திருக்கிறது. 'போனை எதற்கு எடுத்தாய்?' என்று கத்தினேன். அவருக்கு என்னைவிடக் கோபம். "இன்னா மாமு நீ, போன எடுத்தா உள்ள எவனோ தொண்டைய அறுத்தா மாரி கத்துறான், மெர்சலாயி வச்சிட்டு மறுபடி எடுத்தா கம்முனு கீது, அப்பால நா எடுக்காம இன்னா பண்றது?"

பெயர் மாற்றம்

கிராஃபுக்குக் கீழே 'இன்', 'அவுட்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். முதலாளிக்கு அது பிடிபடவில்லை. எதற்குள் இன், எதிலிருந்து அவுட் என்று கேட்டார். நியாயமான கேள்வி. சக பாவிகளே, அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் யோசிக்கவில்லை. புத்திசாலித்தனம் காட்டினேன். எங்கள் ஆபீஸில் காப்பி வாங்கி வருகிறவர் வரைக்கும் புரிகிற வார்த்தை இரண்டு: இம்போர்ட், எக்ஸ்போர்ட். இன்னை இம்போர்ட் ஆக்கினேன், அவுட்டை எக்ஸ்போர்ட் ஆக்கினேன். பச்சை இம்போர்ட், அதாவது நெட்டிலிருந்து நாம் இறக்குவது. நீலம் எக்ஸ்போர்ட், நாம் அனுப்புவது.

அநேகமாக எல்லாருடைய கிராஃபிலும் நீலம்தான் உயரமாக இருந்தது. அது எனக்கு உறுத்தவும் இல்லை. காகிதம் அனுப்புகிற ஆபீஸ், எக்ஸ்போர்ட் அதிகமாகத்தானே இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதலாளிக்கு முதல்முறையாகக் கம்ப்யூட்டர் மேல் அன்பு வந்தது. தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து பதினொரு கிராஃபையும் பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். "இப்பதான்யா நீ தமிழ்ல பேசற" என்றார்.

எட்டாவது கேபிள்

எட்டாவது கேபிள் ஸ்டெல்லாவுடையது. ஸ்டெல்லா எங்கள் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். ராயபுரம் சர்ச்சுக்குப் பின்னால் வீடு, அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டி ரிட்டயரானவர். காலையில் காகிதக் கட்டோடு கஸ்டம்ஸ் ஹவுஸ் போய்விடும். சாப்பாட்டுக்கு அப்புறம் வந்துதான் தன் கம்ப்யூட்டரைப் போடும். வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம். ஒரு வருடம் முடிந்தால் பெர்மனென்ட்.

அந்தப் பெண்ணின் கிராஃபில் மத்தியானம் இரண்டரையிலிருந்து ஆறு வரைக்கும் ஒரு பச்சை மலை நின்றது. ஒரு நாள் இல்லை, தினமும். வேறு யாருக்கும் பச்சை விரல் உயரம்கூட இல்லை. பச்சை என்றால் இம்போர்ட். மூன்றரை மணி நேரம் விடாமல் இம்போர்ட் செய்ய ஆபீஸ் வேலையில் என்ன இருக்கிறது? பாட்டு, இல்லையென்றால் படம். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று கொண்டாட்டம்தான். இரண்டு மாதம் வாங்கிய திட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. முதலாளி கலர் பிரின்ட் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். 'கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு' என்றார். போட்டேன். அவர் அந்தக் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிராயிங் பொய் சொல்லாது."

அறைக்குள்

புதன்கிழமை மாலை ஸ்டெல்லாவை உள்ளே கூப்பிட்டார். என்னையும் நிற்க வைத்தார். மேஜைமேல் என் கையெழுத்தோடு அந்தப் பிரின்ட். அந்தப் பெண் அதை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தது. 'சார், நான் டைப் பண்றேன், மெயில் பாக்கறேன், வேற எதுவும் தொடறதில்ல' என்றது. முதலாளி, 'படம் பார்த்தேன், இனி பார்க்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் இந்த ஒரு தடவை விட்டுவிடுவதாகச் சொன்னார். இல்லையென்றால் சனிக்கிழமை மத்தியானத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார்.

இந்த ஊரில் ஏஜென்ட் ஆபீஸ்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி, ஒரு இடத்தில் தும்மினால் பத்து இடத்தில் விசாரிப்பார்கள். ஆபீஸில் படம் பார்த்து வெளியே போன பெண் என்று பெயர் வந்துவிட்டால் வேறு எங்கும் நாற்காலி கிடைக்காது. அது ஸ்டெல்லாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதிக் கொடுத்துவிடும் என்று நினைத்தேன். பிரின்டை மேஜைமேல் ஒழுங்காக வைத்துவிட்டு, அதுவரை பேசிய ஆபீஸ் தமிழை விட்டுவிட்டுச் சொன்னது: "செய்யாதத்த செஞ்சேன்னு எழுதித் தந்தா, அப்பால நா எப்பிடி சார் எங்க வூட்டுக்குப் போறது?"

கேபிள் பிடுங்கல்

வியாழக்கிழமை முதலாளி உத்தரவு, எட்டாவது கேபிளைப் பிடுங்கினேன். அன்று மூன்று மணிக்கு லைன் பறந்தது. மெயில் தட்டினால் போய்விடுகிறது. இதற்குமேல் என்ன ருசு வேண்டும்? ஆபீஸ் முழுக்கத் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தது. அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் டைப் செய்தது. கேபிள் இல்லாததால், முடித்த காகிதத்தை ஃபிளாப்பியில் போட்டு, எழுந்து, அத்தனை பேர் நடுவில் நடந்து என் மேஜைக்கு வந்து வைக்கும். நான் அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவை.

வெள்ளிக்கிழமை, அது கஸ்டம்ஸ் ஹவுஸ் போயிருந்த நேரத்தில் அதன் கம்ப்யூட்டரைக் குடைந்தேன். பாட்டு இல்லை, படம் இல்லை. ஒரு சாமி படம்கூட இல்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டவன் நான், லேசில் விடுவேனா? முதலாளியிடம் போய், ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "அழிச்சிருக்கும். அழிக்கிறதும் உங்க கம்ப்யூட்டர்ல ஓசிதானே?"

கேட் இன், கேட் அவுட்

சனிக்கிழமை காலை பத்தரை. தேவராஜ் ரிஜிஸ்டரோடு ராயபுரம் வந்திருந்தார். என் மேஜைப் போனில் ஒரு டிரெய்லர் கம்பெனி ஆளோடு வாக்குவாதம். எங்கள் தொழிலில் கன்டெய்னர் ஒரு கேட்டுக்குள் நுழைந்தால் 'கேட் இன்', தாண்டி வெளியே போனால் 'கேட் அவுட்' என்று எழுதுவார்கள். ஒரே பெட்டிக்குத் துறைமுகக் காகிதமும் எண்ணூர் யார்டு காகிதமும் இரண்டு விதமாகச் சொல்வதாக அந்த ஆள் அடம் பிடிக்கிறான் போல. ஏதோ தப்பு என்கிறான். தேவராஜுக்குப் பொறுமை போய்விட்டது. மேஜையில் ஒரு தட்டு தட்டினார். "யோவ், ஆர்பர்காரன் அவுட்டுன்னு எழுதுன பொட்டிய நா இன்னுன்னுதான் எழுதுவேன், அவன் கேட்டு வேற, என் கேட்டு வேற, நீ எந்த கேட்டாண்ட நின்னுகினு பேசுற, அத்த சொல்லு மொதல்ல!"

ஐந்து நிமிஷம்

நான் எந்தக் கேட்டில் நின்றுகொண்டு எழுதினேன்? என் 'இன்' ஸ்டெல்லாவுடைய இன் இல்லை. ஸ்விட்ச் பெட்டியின் இன். அதற்குள் போவது என்றால், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போவது. நெட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை என் கம்ப்யூட்டரில் இறக்க விட்டேன். கிராஃப் புதுப்பிக்க ஐந்து நிமிஷம் ஆகும். சக பாவிகளே, அந்த ஐந்து நிமிஷத்தை நீங்களும் எங்காவது உட்கார்ந்து தாண்டியிருப்பீர்கள். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண்ணுக்குக் கடைசி. கிராஃப் வந்தது. நான் இறக்கியது முழுக்க நீலத்தில் ஏறியிருந்தது. பதினொரு கேபிளுக்கும் பெயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். ஸ்டெல்லாவின் பச்சை மலை இம்போர்ட்டே இல்லை, எக்ஸ்போர்ட்.

கணக்கு முடிக்கிற நாள் என்பதால் ஸ்டெல்லா கஸ்டம்ஸ் ஹவுஸ் போகாமல் தன் இடத்திலேயே இருந்தது. ஓடிப்போய் எட்டாவது கேபிளை மாட்டினேன். 'கையை எடுங்க ஸ்டெல்லா, எதையும் தொடாதீங்க' என்று சொல்லிவிட்டு, லினக்ஸ் மெஷினில் டிசிபிடம்ப் கட்டளையைத் தட்டினேன். லைனில் போகிற ஒவ்வொன்றையும் யாரிடமிருந்து யாருக்கு என்று வரி வரியாகக் காட்டுகிற கட்டளை. எட்டாவது கம்ப்யூட்டரிலிருந்து ஊர் பேர் தெரியாத இடங்களுக்கெல்லாம் மெயில் மெயிலாகப் போய்க்கொண்டிருந்தது. வைரஸ். சரக்குக்காரப் பார்ட்டி பெயரில் வந்த ஏதோ ஒரு மெயிலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. ஸ்டெல்லா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் ஓடுவதையும் திரை ஓடுவதையும் மாறி மாறிப் பார்த்தது. "தொட்டாதான் தப்புன்னு நெனச்சேன் சார், தொடாங்காட்டியும் தப்பா?"

எழுதிக் கொடுத்தவன்

பதினொன்றே முக்காலுக்கு முதலாளி அறைக்குப் போனேன். வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் டைப் ஆகி மேஜைமேல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் மாற்றி மாட்டியதைச் சொன்னேன். வைரஸ் எப்படி வந்தது என்று கேட்டார். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று: லைன் மிச்சமாகட்டும் என்று ஆன்ட்டி வைரஸ் தினமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிறுத்தி வைத்தவன் நான்தான். முதலாளி கத்தினால் தேவலை என்று இருந்தது. அவர் கத்தவில்லை.

பிரின்டை எடுத்தார். பச்சையைப் பார்த்தார், கீழே என் கையெழுத்தைப் பார்த்தார். கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிரின்டைக் கிழிக்கவில்லை, என் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணு எழுதித் தர மாட்டேன்னு நின்னுச்சு பாரு, அது நின்னதாலதான் பொய்க்குக் கையெழுத்துப் போட்ட பாவத்துலேருந்து நீ தப்பிச்ச."

மன்னிப்பு

முதலாளி வெளியே வந்து, ஸ்டெல்லாவிடம், 'ஒண்ணும் இல்லம்மா, மெஷின்ல ஏதோ கோளாறாம், நீ வேலையப் பாரு' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவர் பங்கு அவ்வளவுதான். என் பங்கு பாக்கி. வைரஸை எடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாரி என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் ஸ்விட்ச் வருகிறது, போர்ட் வருகிறது, இன் என்பது பெட்டியின் கண்ணோட்டத்தில் என்று வருகிறது. புது கிராஃபை வேறு பிரின்ட் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டது. பிரின்டை வாங்கிப் பார்க்கவில்லை. ஃபிளாப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி டிராயருக்குள் வைத்துச் சாத்தியது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது: "மூணு நாளா நா வாயால சொல்லிகினு கீறேன் சார், ஒருத்தரும் நம்பல. அந்த டிராயிங் ஒரு வாட்டி சொன்னதும் எல்லாரும் நம்பிட்டீங்க."

லைனில் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று சொல்ல இலவச மென்பொருள் எத்தனையோ கிடைக்கிறது, சக பாவிகளே, மன்னிப்புக் கேட்கத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை, அதை நம் சொந்த வாயால்தான் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.